வழிகாட்டும் கருவியின் விலை

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோரக் குப்பங்களில் வாழும் மீனவர் பலர், கடலுக்குச் செல்லும்போது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை உடன் கொண்டு செல்கின்றனர். வானத்தில் சுற்றும் துணைக்கோள்களின் சைகைகளைப் பெற்று, படகு நிற்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அது எண்களாகக் காட்டும். வலை விரித்த இடத்தைக் குறித்துக்கொள்ளவும், இருட்டில் கரை திரும்பவும் அது பயன்படுகிறது. ஜி.பி.எஸ். என்பது அதன் பெயர். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்படகுக்கு நேர் மேலே, இருவர் அமரும் சிறு விமானமொன்று பறந்து செல்வதாகக் கொள்வோம். அதன் கருவிப் பலகையிலும் அதே துணைக்கோள்களின் அதே சைகைகளைப் பெறும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் விலையோ இலட்சக்கணக்கில் ஆகும். பழைய சிறு விமானமொன்றின் கருவிப் பலகை முழுவதையும் புதுப்பிக்க ஒருவர் முற்பட்டால், அச்செலவு விமானத்தின் மதிப்பையே எட்டிவிடுவதும் உண்டு.

ஏன் இவ்வேறுபாடு? விற்பவர் பேராசையென்று சிலர் சொல்வர். போட்டியில்லாத வியாபாரம் என்று வேறு சிலர் சொல்வர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் அவை மட்டும் போதிய விடையல்ல. ஏவியானிக்ஸ் என்று வழங்கும் விமான மின்னணுக் கருவிகளுக்கு மட்டும் உரிய புதுமையுமன்று இது. வழி காட்டும் கருவியை மனிதன் செய்யத் தொடங்கிய நாள் முதல் உடன் வந்திருக்கும் பிரச்சினை. அதனை அறியச் செங்கற்பட்டு மாவட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான களம் நம் நாட்டில் அரிது என்றே எண்ணுகிறேன்.

செங்கற்பட்டு என்று நான் குறிப்பது பழைய பெரிய மாவட்டத்தை. அது 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு என்ற பெயரிலேயே சிறிய மாவட்டமொன்று மீண்டும் தோன்றியது. பரங்கிமலை, பல்லாவரம், மீனம்பாக்கம், தாம்பரம் ஆகிய ஊர்கள் எல்லாம் பழைய மாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கியிருந்தவை. நில அளவை, கடற்பயணம், விமானப் பயணம் ஆகிய மூன்றின் வரலாறும் இந்தச் சிறு பரப்பில் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

முதலில் கடலை எடுத்துக்கொள்வோம். வங்கக் கடலில் கரையையொட்டிச் சென்ற ஐரோப்பிய மாலுமிகளுக்கு மாமல்லபுரத்துக் கோயில்கள் நல்ல அடையாளமாக விளங்கின. 'ஏழு கோயில்' என்று அவ்வூரை அவர்கள் அழைத்தார்கள். மேடு பள்ளமற்ற இந்த மணற்கரையில், தொலைவிலிருந்து கண்ணுக்குப் புலப்படும் பொருள் எதுவாயினும் அது மாலுமிக்குப் பெருந்துணை. அத்துணைக்கு யாரும் கட்டணம் செலுத்தவில்லை. பல்லவ மன்னர்கள் வேறு நோக்கத்துடன் செய்த செலவு, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கப்பலோட்டிகளுக்கு இலவசமாகப் பயன்பட்டது.

கரை மறைந்த பின் நிலைமை வேறு. சூரியனின் உயரத்தையோ துருவ விண்மீனின் உயரத்தையோ அளந்து அட்சரேகையை அறிந்துவிடலாம். தீர்க்கரேகையை அறிய, புறப்பட்ட துறைமுகத்தில் அந்த நொடியில் என்ன மணி என்பது தெரிய வேண்டும். ஆடும் கப்பலில், மாறும் வெப்பத்தில், மாதக்கணக்காகத் தவறாமல் ஓடும் கடிகாரம் அக்காலத்தில் இல்லை. அதற்கு வழி காண்போருக்கு 20,000 பவுன் வரை பரிசளிப்பதாக இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1714இல் சட்டமியற்றியது. தச்சராகத் தொழில் தொடங்கிய ஜான் ஹாரிசன் என்பவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, 1759இல் நான்காவது கடிகாரத்தை முடித்தார். சோதனைப் பயணங்களில் அது நன்கு ஓடியது. உடனே அதிகாரிகள் ஒரு கேள்வி எழுப்பினர்: ஒரு மேதை ஒரே ஒரு கடிகாரத்தைச் செய்துவிட்டார், வேறொரு தொழிலாளி அதைப் பார்த்து மற்றொன்று செய்ய முடியுமா?

இலார்க்கம் கெண்டல் என்னும் கடிகாரத் தொழிலாளி செய்தார். 1769இல் அவர் முடித்துக்கொடுத்த நேர்ப்படிக்குப் பேசிய கூலி 450 பவுன். குக் என்னும் கடலோடி தமது இரண்டாவது பெரும்பயணத்தில் அதைக் கொண்டு சென்று மிகப் புகழ்ந்தார். ஆனால் கப்பலுக்குக் கப்பல் 450 பவுன் கொடுக்க எந்த நாட்டுக் கடற்படையால் இயலும்? விலையைக் குறைக்கச் சொன்னார்கள். நுட்பமான உறுப்பு ஒன்றை நீக்கிக் கெண்டல் அடுத்ததை 200 பவுனுக்கும், இன்னும் எளிமையாக்கி மூன்றாவதை 100 பவுனுக்கும் செய்தார். விலை குறைந்தது, ஒழுங்காக ஓடும் தன்மையும் உடன் குறைந்தது. பிற்காலத்தில் ஆர்னால்டு, எர்ன்ஷா போன்றோர் வேறு அமைப்பைக் கண்டு, வேலையைப் பலருக்குப் பகிர்ந்து, எண்ணிக்கையைப் பெருக்கிய பின்னரே நல்ல கடிகாரம் சாதாரண வணிகக் கப்பலின் கைக்கு எட்டியது. இதில் பித்தளையின் விலை மாறவேயில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கடிகாரம் கையில் இருந்தால் மட்டும் போதாது; அது சரியாக ஓடுகிறதென்று எப்படித் தெரியும்? தீர்க்கரேகை ஐயமற அறியப்பட்ட ஒரு துறையில் கப்பலை நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் அமைத்ததற்குக் கப்பல் போக்குவரத்தின் தேவையே முக்கிய காரணம். அதில் வானியலாளராகப் பணியாற்றிய கோல்டிங்ஹாம் என்பவர், மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி 1798இல் ஆசிய ஆராய்ச்சித் தொகுதியில் ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார். விண்மீன்களை அளப்பதைத் தொழிலாகக் கொண்டவர் கற்சிற்பங்களையும் பொறுமையாகப் பார்த்து எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. விஷயத்தைவிட்டு விலகாமல் மேலே செல்கிறேன்.

பரங்கிமலைக்கு வருவோம். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் அம்மலையடிவாரத்தில் வில்லியம் இலாம்டன் என்னும் படை அதிகாரி நிலத்தில் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அக்கோடுதான் இந்தியாவின் மகா முக்கோண அளவைக்கு அடித்தளம். ஏழரை மைலுக்கு 39,600 அடி. அவரிடம் இருந்தது நூறடி எஃகுச் சங்கிலி. ஆகவே ஏறத்தாழ நானூறு முறை அதை இட்டு எடுக்க வேண்டும். வெயிலில் எஃகு நீளும். ஆதலால் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, நிழல் அமைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். கோடை வெயில் கொளுத்தும் மே மாதப் பிற்பகுதி வரை வேலை நீண்டது. இரயிலில் பரங்கிமலையிலிருந்து புறப்பட்டால் தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் அத்தனை தூரம் கடந்துவிடுகிறோம்!

இலாம்டனிடம் இரண்டு சங்கிலிகள் இருந்தன. ஒன்றே அளப்பதற்கு. மற்றதை அவர் நிலத்தில் இடவேயில்லை. முதற் சங்கிலி இழுபட்டும் தேய்ந்தும் நீண்டுவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் அதைப் பாதுகாத்து வைத்திருந்தார். சிக்கனமே பெரிதெனக் கருதும் கணக்கர் ஒருவர் அங்கே இருந்திருப்பின், "பயன்படாத சங்கிலிக்கு ஏன் பணம்?" என்று கேட்டிருப்பார். அந்தப் பயன்படாத சங்கிலி இல்லையேல் பயன்பட்ட சங்கிலி சொன்ன எண்ணை எவரும் நம்பியிருக்க முடியாது. கருவியின் விலை வேறு, அக்கருவியை நம்பலாம் என்று நிலைநாட்டுவதற்கு ஆகும் விலை வேறு. இன்றைய விமானக் கருவியின் விலையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது சங்கிலியின் விலைதான்.

அவர் கோணங்களை அளக்க இலண்டனில் கேரி என்பவரிடம் செய்வித்த தியோடலைட்டு கருவியின் கதையும் சுவையானது. அரை டன் எடை. குறுக்கே மூன்றடி வட்டம். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று பிடித்து மொரீசியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டது. பெட்டியில் இருப்பது விஞ்ஞானக் கருவியென்று அறிந்த பிரெஞ்சு ஆளுநர், பகைமை பாராட்டாமல் சென்னைக்கு அனுப்பிவைத்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி மோதி வட்டம் நெளிந்தது. புதிது ஒன்று வரவழைக்க வேண்டுமானால் ஆண்டுகள் ஆகும். உலகில் அத்தகையவை சிலவே இருந்தன. இலாம்டன் கூடாரத்துக்குள் பல வாரங்கள் அமர்ந்து, தம் கையாலேயே அதைச் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். கடையில் அடுக்கி விற்கும் சரக்காக இருந்திருந்தால் அப்பாடு எதற்கு?

அதே நூற்றாண்டில் மாமல்லபுரத்துக் குன்றின் மேலுள்ள ஒலக்கணேசுவரர் கோயில் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனருகே தனியாகக் கற்கோபுரம் எழுந்தது. விளக்கின் செலவை யார் கொடுப்பது என்பதற்கு 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம் விடை வகுத்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் அளவுக்கேற்ப விளக்கு வரி செலுத்தும். 50 டன்னுக்குக் குறைந்த சிறு கலங்களுக்கு விலக்கு. அச்சட்டத்தை நீக்கி 2021இல் புதிய சட்டம் வந்துவிட்டது. எனினும் பழைய ஏற்பாட்டின் நியாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் பணம் கொடுத்தார். கட்டுமரத்துக்காரரும் அவ்வொளியில் வழி கண்டார்.

இனி வானத்துக்குச் செல்வோம். 1910இல் சென்னையில் உணவுவிடுதி நடத்திவந்த டி ஆஞ்சலிஸ் என்பவர் தாமே வகுத்த விமானமொன்றைச் சிம்சன் தொழிற்சாலையில் செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். தென்னாட்டின் முதல் விமான முயற்சி அது. அதில் வழிகாட்டும் கருவியென்று சொல்லத்தக்கது எதுவும் இருந்திராது. கண்ணெதிரே இருக்கும் மைதானத்தில் எழும்பி இறங்குபவருக்கு அது தேவையுமில்லை. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெற்று, பெல்லாரியில் இரவு தங்கிச் சென்னைக்குக் கொணர்ந்தார். அந்தச் சிறு விமானங்களில் வானொலிக் கருவி கிடையாது. ஆறுகளையும் இரயில் பாதைகளையும் பார்த்துக்கொண்டே பறந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றிய சென்னை விமானப் பயிற்சிக் கழகத்தாரும் அவ்வாறே பழகினர்.

கண்ணால் பார்த்துப் பறப்பதில் ஒரு தொல்லை உண்டு. மேகத்துள் புகுந்தவுடன் கண்ணுக்கு வேலையில்லை. அப்போது உடலுணர்வை நம்பலாமா? நம்பக்கூடாது. விமானம் சாய்ந்து சுழன்றிறங்கும்போதுகூட நேராகச் செல்வதாகவே நம் செவியினுள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்லும். 1954இல் அமெரிக்காவின் இலினாய்ப் பல்கலைக்கழகத்தார், கருவியைப் பார்த்துப் பறக்கும் பயிற்சியற்ற 20 விமானிகளை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டச் செய்து சோதித்தனர். ஒருவர்கூடத் தப்பவில்லை. கட்டுப்பாட்டை இழக்க அவர்களுக்குச் சராசரியாக ஆன நேரம் 178 விநாடி. மூன்று நிமிடங்கூட முழுதாக இல்லை. பாதுகாப்பாக நடத்திய சோதனையாதலால் உயிர்ச்சேதம் இல்லை என்பதே ஆறுதல்.

இதற்கு மாற்று 1929 செப்டம்பர் 24இல் கிடைத்துவிட்டது. ஜேம்ஸ் டூலிட்டில் என்னும் அமெரிக்க விமானி, முகப்பை முழுதும் மூடிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து எழும்பிச் சுற்றி இறங்கினார். ஸ்பெரி செய்த சுழலிகள் செயற்கைத் தொடுவானத்தையும் திசையையும் காட்டின. கோல்ஸ்மன் செய்த உயரமானி சில அடிகள் ஏறியிறங்கினாலும் காட்டியது. அதன் பற்சக்கரங்கள் சுவிட்சர்லாந்துக் கடிகாரத் தொழிலாளரின் கைவேலை. கெண்டலின் தொழில் ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கப்பலிலிருந்து விமானத்துக்கு ஏறிவந்ததை இங்கே காண்கிறோம்.

நம் நாட்டில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் வகுத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. பயிற்சிக் கழகங்களுக்கென அவர்கள் செய்த புஷ்பக் 1958இல் பறந்தது. அதற்கு அமெரிக்க இயந்திரம். அவர்கள் செய்த புஷ்பக்குகள் மொத்தம் சுமார் 160. பின்னர்ப் பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகத்தார் ஹன்ஸா என்னும் இருவர் விமானத்தை உருவாக்கினர். ஹன்ஸா-3க்கு 2000ஆம் ஆண்டில் அரசுச் சான்று கிடைத்தது, செய்யப்பட்டவை 14, அவற்றில் 10 பயிற்சிக் கழகங்களுக்குச் சென்றன.

மாணவர்களே, இந்தப் பதினான்கு என்ற எண்ணில்தான் நம் கேள்வியின் முதற்பாதிக்கு விடை இருக்கிறது. எட்டாம் வகுப்பு வகுத்தல் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக மட்டும், ஒரு கருவியை வகுத்துச் சோதித்துச் சான்று பெறுவதற்கு 10 கோடி ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்து இலட்சம் கைப்பேசிகளில் பொருத்தி விற்றால், ஒவ்வொன்றின் மீதும் விழுவது 100 ரூபாய். ஆயிரம் விமானங்களில் பொருத்தினால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலட்சம். பதினான்கே விமானங்களாயின் 71 இலட்சத்துக்கு மேல். உள்ளே இருக்கும் சில்லுகளும் கம்பிகளும் மூன்று கணக்கிலும் ஒன்றேதான்.

மற்றப் பாதி, அந்தப் பத்துக் கோடி எதற்காக ஆகிறது என்பது. மளிகைக் கடையில் எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். அடியில் அரசாங்க முத்திரை இருக்கும். குறித்த காலத்துக்கொரு முறை அதிகாரி சோதித்து மீண்டும் முத்திரை இடுவார். அம்முத்திரையால் இரும்பின் எடை கூடுவதில்லை. வாங்குபவருக்கு நம்பிக்கை கூடுகிறது. விமானக் கருவிக்கு இடப்படும் முத்திரை இதைக் காட்டிலும் மிகக் கடுமையானது. டி.ஓ. 160 என்னும் விதித்தொகுதியின்படி கருவியைக் குளிரிலும் வெப்பத்திலும் வைக்க வேண்டும், குலுக்க வேண்டும், ஈரத்துக்கும், காற்றழுத்தக் குறைவுக்கும், மின்னல் தாக்குதலுக்கும் உட்படுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இயங்கும் மென்பொருளுக்கு டி.ஓ. 178 என்ற வேறு விதித்தொகுதி. 1980களின் தொடக்கத்தில் பிறந்த அது பலமுறை திருத்தப்பட்டு, 2011இல் இன்றைய வடிவைப் பெற்றது. பிழை நேர்ந்தால் விளையும் கேட்டின் அளவைக்கொண்டு அது மென்பொருளை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய மேற்படிகளில், நிரலின் ஒவ்வொரு வரியும் எத்தேவைக்காக எழுதப்பட்டது, எச்சோதனையில் இயக்கிப் பார்க்கப்பட்டது என்று எழுத்தில் காட்ட வேண்டும். ஒரு வரியை மாற்றினால், அம்மாற்றம் எதையெல்லாம் தொடுகிறதோ அதையெல்லாம் மீண்டும் சோதித்து, மீண்டும் எழுத வேண்டும். கைப்பேசி உறைந்து நின்றுவிட்டால் அணைத்து மறுபடி ஏற்றுகிறோம். மேகத்துள் இருக்கும் விமானிக்கு உள்ள அவகாசமோ, மேலே சொன்ன 178 விநாடி.

இவ்வளவும் முடிந்த பின்னும் வேலை தீர்வதில்லை. கருவி நல்லதென்று சான்று பெற்றாலும், அதை இன்ன வகை விமானத்தில் பொருத்தலாம் என்பதற்குத் தனி அனுமதி வேண்டும். பொருத்துபவரும் உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும். விபத்து நேர்ந்தால் நட்டஈடு கோரி வழக்கு வரும். அந்த அச்சத்தின் விலையும் கருவியின் விலையில் ஏறும். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டில் 17,811 சிறு விமானங்கள் விற்பனைக்கு வந்தன. 1994இல் அது வெறும் 928 ஆகச் சுருங்கியது. பெயர் பெற்ற செஸ்னா கம்பெனியே 1986இல் ஒற்றை இயந்திரச் சிறு விமானங்கள் செய்வதை நிறுத்திவிட்டது. பொருளாதார மந்தம் முதலிய பிற காரணங்களும் இருந்தன. வழக்குகளின் பாரமே முக்கியம் என்று உணர்ந்த அந்நாட்டார், 18 ஆண்டுகள் கடந்த சிறு விமானத்தின் மீது செய்தவரைப் பொறுப்பாக்கி வழக்கிட முடியாதபடி 1994இல் சட்டம் செய்தனர். செஸ்னாவும் சில ஆண்டுகளில் மீண்டும் தொழில் தொடங்கியது. ஆயினும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. எண்ணிக்கை குறைந்தால் வகுத்தற் கணக்கு என்ன சொல்லும் என்பது உங்களுக்கே தெரியும்.

இங்கே ஒரு முரண்பாடு தலைகாட்டுகிறது. நான் இப்பொருளை எடுத்துக்கொண்டதே அதற்காகத்தான். உயிரைக் காக்க விதி செய்தார்கள். விதியால் கருவியின் விலை ஏறியது. விலை ஏறியதால் சிறு விமானம் வைத்திருப்போர் புதுக் கருவியை வாங்காமல், 1960களிலும் 70களிலும் பொருத்திய பழைய சுழலிகளுடனேயே பறந்தனர். அச்சுழலிகளைக் காற்றுறிஞ்சும் பம்பு ஒன்று சுழற்றும். அப்பம்பு முன்னறிவிப்பின்றி நின்றுபோவதுண்டு. அது மேகத்துள் நின்றதால் நேர்ந்த விபத்துகள் பல. அதே காலத்தில், வீட்டுக் கொட்டகையில் தாமே விமானம் செய்து பறப்போர், அவர்களுடைய விமானங்கள் சோதனை விமானங்கள் என்ற தனி வகையில் சேர்ந்தமையால், அசையும் சுழலியே இல்லாத மின்னணுக் கருவியை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொண்டனர். சான்று பெற்ற விமானத்தில் பழைய ஆபத்து. சான்றில்லாத விமானத்தில் புதிய பாதுகாப்பு! விதி தன் நோக்கத்துக்கே எதிராகத் திரும்பிவிட்டது.

விதியை அடியோடு நீக்கியிருக்க வேண்டும் என்று வாதிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கெண்டலின் நூறு பவுன் கடிகாரம் அதற்குச் சான்று. விதியின் எடையை ஆபத்தின் எடைக்கு ஏற்ப வைக்கவில்லை என்பதே குறை. முந்நூறு பேர் அமரும் விமானத்துக்கு உரிய அதே முறையை இருவர் அமரும் விமானத்தின் துணைக்கருவிக்கும் வைத்தார்கள். 50 டன்னுக்குக் கீழ்ப்பட்ட கலங்களுக்கு விலக்கு அளித்த கலங்கரை விளக்கச் சட்டத்தின் விவேகம் அங்கே இல்லை. அமெரிக்க விமான நிர்வாகத்தார் சிறிது சிறிதாக இதை உணர்ந்தனர். இறக்கையின் தாக்குகோணத்தைக் காட்டும் எளிய கருவிக்கு 2014இல் விதியைத் தளர்த்தினர். 2016இல் டைனன் என்னும் கம்பெனியார் வீட்டு விமானங்களுக்காகச் செய்த மின்னணுத் தொடுவானத்தைச் சான்று பெற்ற சில சிறு விமானங்களிலும் பொருத்த அனுமதித்தனர். 2017இல் சிறு விமானங்களுக்குரிய விதித்தொகுதி முழுவதையுமே புதிதாக எழுதினர். இன்ன முறையில் செய் என்று சொல்வதை விட்டு, இன்ன பயன் விளைய வேண்டும் என்று சொல்லும் விதமாக அது அமைந்தது. ஐரோப்பியரும் அதே ஆண்டில் அவ்வழியைப் பின்பற்றினர்.

நம் நாட்டு நிலைக்கு வருகிறேன். கலங்கரை விளக்கத்தைப் போன்ற ஒரு பொதுவிளக்கு இப்போது நம் வானத்திலும் எரிகிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 774 கோடி ரூபாய்த் திட்டமாக உருவாக்கிய ககன் என்னும் ஏற்பாடே அது. நாடெங்கும் துல்லியமாக அளந்தறியப்பட்ட இடங்களில் நிலையங்களை வைத்திருக்கின்றனர். ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தையும் தாம் உண்மையில் இருக்கும் இடத்தையும் அவை ஓயாமல் ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுபிடிக்கும். அப்பிழைத் திருத்தம் நம் துணைக்கோள்கள் வழியே எல்லோருக்கும் ஒலிபரப்பாகும். இலாம்டனின் இரண்டாவது சங்கிலி வானில் ஏறியிருக்கிறது என்று நான் சொன்னால் மிகையாகாது. 2015இல் விமானத்தைத் தரையிறக்க வழிகாட்டும் தரத்துக்கு ககன் சான்று பெற்றது. 2022 ஏப்ரல் 28இல் இண்டிகோ விமானமொன்று இராஜஸ்தானத்துக் கிஷன்கரில் அதன் துணைகொண்டு இறங்கியது. கடலில் இருக்கும் மீனவருக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஜெமினி என்னும் கருவியும் 2019 முதல் இதே ககன் வழியே செய்தி பெறுகிறது.

விளக்கு பொதுவாயினும் அதைப் பார்க்கும் கண்ணை ஒவ்வொரு விமானமும் விலை கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. அதன் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, டாலர் விலையில் வருகிறது. அவ்விலையை இறுதியில் கொடுப்பவர் யார்? விமானத்தின் சொந்தக்காரரா? அவர் அதை மணிக்கணக்கில் பிரித்து, பயிற்சிக்கு வருபவரிடம் வாங்கிக்கொள்கிறார். நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மீனம்பாக்கத்து விமானங்களைத் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டே வளரும் செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் கணிதத்திலும் பௌதிகத்திலும் தேறியவர்களுக்கும் தடையாக நிற்பது அந்த 200 மணியின் கட்டணம். வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் பறக்க அனுப்பிய பெற்றோரும் உண்டு.

2021 செப்டம்பர் 3ஆம் நாள் பெங்களூரில் ஹன்ஸாவின் புதிய வடிவம் முதன்முறை பறந்தது. கருவிப் பலகையில் பழைய வட்ட முகப்புகளுக்குப் பதிலாக ஒளித்திரைகள் பொருத்தியிருக்கிறார்கள். முந்தியது பதினான்கோடு நின்றது. இது எத்தனை நூறு பயிற்சிக் கழகங்களுக்குச் செல்லும் என்பதைப் பொறுத்தே, தாம்பரத்திலிருந்தோ திருக்கழுக்குன்றத்திலிருந்தோ செல்லும் ஒரு மாணவன் தன் 200 மணிக்குக் கட்டும் தொகையில் அந்தத் திரைகளின் பங்கு அமையும்.